டச்சு என்று நினைத்திருந்த சொல்

வெஸ்ட் வின்ட்சரில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள்தான் எங்களுக்கு முதல் உறவு. எழுபதை நெருங்கியவர். நியூ ஜெர்சியில் காடு திருத்திப் பண்ணை போட்ட ஆரம்பகால டச்சுக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மறுபடி சாதம் வைக்கப் போனபோது, தட்டுக்கு மேலே கையை நீட்டி, "போதும்" என்றார்.

கரண்டியோடு அப்படியே நின்றேன். "இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எங்க வீட்டுல எல்லாரும் சொல்றதுதான். பழைய டச்சு வார்த்தை."

என் கணவர் என் பக்கம் திரும்பி மெதுவாகத் தமிழில், "அப்போ கோயமுத்தூர்ல மொத்தப் பேரும் டச்சுதான் பேசறோம்" என்றார்.

அது தமிழ் என்று நான் சொன்னதை அந்த அம்மாள் நம்பவில்லை. ஆனால் விடவும் இல்லை. மறுவாரம் என் காரிலேயே, முதியோர் இல்லத்தில் இருந்த தன் ஒன்றுவிட்ட அக்காவிடம் என்னை அழைத்துப் போனார். அக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"வேற யாரு? இந்தியாவுல இருந்து வந்த பாட்டிதான்."

இருவருக்கும் அவர் கொள்ளுப்பாட்டி. பண்ணையில் பிறந்த பெண், ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டு ஆற்காட்டுப் பக்கம் கப்பலேறியிருக்கிறார். பிள்ளைகள் அங்கேயே பிறந்து, சின்ன வயதிலேயே படிப்புக்காக இந்தப் பண்ணைக்கு அனுப்பப்பட்டார்கள். கணவரைக் காலரா கொண்டுபோனது. அதன் பிறகும் பல வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டு, உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார்.

திரும்பி வந்தவர் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார். கோழிகளோடு புரியாத பாஷையில் பேசினார். புத்தி பேதலித்துவிட்டது என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். குழந்தைகள் மட்டும் அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

"ஊட்டிவிட ஆரம்பிச்சா, அந்த வார்த்தையைச் சொன்னாத்தான் நிறுத்துவாங்க" என்று அக்கா சிரித்தார்.

"கோழிங்ககிட்ட அப்படி என்னதான் பேசினாங்க?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? பேச அவங்களுக்கு வேற ஆள் இல்லையே."

திரும்பும் வழியில் அந்த அம்மாள் திடீரென்று ஒரு பழைய தேவாலயத்தின் பக்கம் காரைத் திருப்பச் சொன்னார். பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில், பாசி படிந்த ஒரு சின்னக் கல்லின் முன்னால் போய் நின்றோம்.

"அவங்ககிட்ட ஏதாவது பேசேன்" என்றார்.

"என்ன பேசறது?"

"எதுவானாலும். உங்க பாஷையில."

எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு தமிழரைப் பார்த்தால் முதலில் என்ன வாயில் வருமோ, அதுதான் வந்தது. "நான் கோயமுத்தூர் பக்கங்க. நீங்க ஆற்காட்டுப் பக்கமாமே?" என்றேன்.

அதற்கு மேல் தயக்கம் இல்லை. குளிரைப் பற்றிச் சொன்னேன். இங்கே கிடைக்கும் கத்தரிக்காயில் ருசியே இல்லை என்று சொன்னேன். அந்த அம்மாள் என்ன பேசுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கல்லைச் சுற்றி முளைத்திருந்த புல்லைக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.