பாகீரதி வீட்டுக்கு ஒரு கதவு

ஏணியில் நின்றபடி ரப்பர் குழாயால் கூரை ஓட்டின் மேல் தண்ணீர் அடிக்கிறார் வெங்கடேஸ்வரன். ஒரு பக்கம் நனைந்ததும் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டருகே காதைக் கொண்டுபோகிறார்.

"விஜயம், எங்கெயாவது ஒழுகறதா?"

கீழே, கூடத்தின் நடுவில், நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார் அவர் மனைவி. வெளியே மே மாத வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்குள் குடை. நிதானமாக நாலு பக்கமும் பார்த்துவிட்டு விஜயம் பதில் சொல்கிறார்.

"நம்மாத்துலெ இல்லெ. பாகீரதியாத்துலெயாக்கும் சொட்டறது."

"அது அவ்டெ இருக்கட்டும். நம்மாத்தெச் சொல்லு."

"பாவம்னா அவ. பாத்திரம் பாத்திரமா எடுத்து வெக்கறா. சத்தம் கேக்கறது."

வெங்கடேஸ்வரன் ஏணியை நகர்த்துகிறார். பக்கத்தில் பாகீரதி என்று யாரும் இல்லை. வீடும் இல்லை. பாகீரதி இறந்த பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதை இடித்துக் கிடங்கு கட்டிவிட்டார். உள்ளே கூரை வரை கொத்தமல்லி மூட்டைகள்.

கரமனை ஆற்றுக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்கும் ஓர் அக்கிரகாரத் தெரு அது. ஜூன் பிறந்ததும் இடவப்பாதி மழை இறங்கும். அதற்கு முன் எல்லோரும் ஓடு மாற்றுவார்கள், கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரப் பாத்தியில் அடைத்த இலைகளை அள்ளுவார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வெங்கடேஸ்வரன் மட்டும் மழையையே முன்கூட்டி வரவழைத்துப் பார்க்கிறார். சொட்டு விழும் இடத்தில் தரையில் சாக்கட்டியால் வட்டம் போடுவார். அண்ணாந்து, அதற்கு நேர் மேலே இருக்கும் ஓட்டைத் தேடுவார். பெரும்பாலும் தப்பான ஓட்டைத்தான் மாற்றுவார். மறுபடி தண்ணீர் அடிப்பார்.

கைவேலை அவருக்கு வராது என்பதைத் தெருவே சொல்லும், அவரும் சொல்வார். "இருவது வருஷம் பாலிசி வித்த கையாக்கும் இது. ஆணி அடிச்சா வெரல்லெதான் எறங்கும்." ஆனாலும் வேலைக்கு ஆள் வைப்பதில்லை. காரணம் போன வருஷம். ஓடு மாற்ற வந்தவர்கள் கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. விஜயத்தைக் காணவில்லை. ஆற்றின் படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தெருப்பக்கம் பாகீரதி வீட்டு வாசலைக் காணோமே, பின்பக்கமாகப் போனால் கிடைக்கும் என்று இறங்கியிருக்கிறார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் கையைப் பிடித்து ஏற்றாமல் போயிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

"மழை வந்தாத்தான் அவளுக்குப் பாகீரதி ஞாபகம்," என்கிறார் வெங்கடேஸ்வரன். "வெயில்லெ கொழப்பமில்லெ. ஒரு தூத்தல் போடட்டும், எழுந்து நிப்பா."

ஏணியிலிருந்து அவர் கேட்கிற கேள்வியின் உண்மையான வேலை, கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கே ஒழுகுகிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். பதில் வரவேண்டும். வந்துகொண்டிருக்கும் வரை விஜயம் நாற்காலியில் இருக்கிறார். நான் போயிருந்த அன்று ஒரு தடவை பதில் தாமதமானது. மனிதர் குழாயைக் கூரை மேலேயே போட்டுவிட்டு இறங்கினார்; அந்த வயதில் அத்தனை வேகமாக ஏணியில் யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. விஜயம் குடைக்கடியில் தூங்கிப்போயிருந்தார்.

மழைக்கு முன் வீட்டைச் சீர்செய்கிறவர்களைப் பற்றி எழுதத்தான் அந்தப் பக்கம் போனேன். வெங்கடேஸ்வரன் வீட்டைச் சுற்றிக் காட்டினார். குளியலறைப் படியைத் தட்டிச் சமமாக்கி, வழுக்காத கல் பதித்திருக்கிறார். கிணற்றுக்கு இரும்பு வலை. இருட்டான உள்ளறையில் இரண்டு கண்ணாடி ஓடு, பகலில் விளக்குப் போடாமலே முகம் தெரிகிறது. ஸ்விட்சுகள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியிருக்கின்றன. தாழ்ப்பாள்கள் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியிருக்கின்றன. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் யாரும் செய்யவேண்டிய வேலைகள்தான். ஆனால் எல்லாம் சேர்ந்து பார்க்கும்போது, ஒருவரின் நடையை யாரோ பின்னாலிருந்து அளந்து அளந்து கட்டிய வீடு போல இருந்தது.

ஒரு கண்ணாடிகூட இல்லை. ஆணி இருக்கிறது, கீழே சுவரில் வெளிறிய வட்டம் இருக்கிறது, கண்ணாடி இல்லை.

"எடுத்துட்டேன். ஒரு மாமி நிக்கறா, பேசினா பதில் சொல்லமாட்டேங்கறா, காபி குடுத்தா வாங்கிக்கமாட்டேங்கறான்னு ஒரே அழுகெ."

அதனால் அவர் தடவிப் பார்த்துத்தான் சவரம் செய்துகொள்கிறார். தாடையின் இடப்பக்கம் ஒரு கொத்து நரைமுடி எப்போதும் தப்பித்துவிடுகிறது. விஜயம் அதை விரலால் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

மகன் சுமந்த் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். வீட்டை விற்றுவிட்டு வாங்கோ அப்பா, இங்கே ஃப்ளாட்டில் செக்யூரிட்டி இருக்கான், லிஃப்ட் இருக்கு. நான் இருந்தபோதே ஒரு போன் வந்தது. வெங்கடேஸ்வரன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே கண்ணை விஜயத்தின் மேல் வைத்திருந்தார்.

"சரிடா. லிஃப்ட் இருக்கு. அங்கெ வந்து அவ என்னத்தெத் தேடுவா? இங்கென்னா தேடறதுக்கு ஒரு செவுராவது இருக்கு." கொஞ்ச நேரம் கேட்டார். "இந்த மழை கழியட்டும். இதுலெ ஏதாவது ஆச்சுன்னா நீ சொல்றபடி வந்துடறேன். போருமா?"

ஆக, பந்தயம் இந்த ஒரு மழைக்காலம்.

அவர் சொன்ன சுவர் கூடத்தின் வலப்பக்கச் சுவர். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் பொது. மழை நாளில் பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர, பொதுச்சுவரில் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கதவு வைப்பது வழக்கம். விஜயம் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்தக் கதவு வழியாகத்தான் பாகீரதி வீட்டுக்குப் போனார். கூடவே முறுக்கும் போகும், கோபமும் போகும், சமாதானமும் போகும். அந்த வீடு கை மாறியதும் வெங்கடேஸ்வரனே நின்று கதவைக் கழற்றிச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார். யாரென்று தெரியாதவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் கதவு எதற்கு? நியாயமான வேலை. அப்போது விஜயம் நன்றாகத்தான் இருந்தார்.

கழற்றிய கதவு பரணில் கிடந்தது. இந்த மே மாதம் அதைத் தூசி தட்டி இறக்கினார். பூசிய சுவரின் மேலேயே, பழைய இடத்திலேயே, மறுபடி பொருத்த வேண்டும் என்று தச்சரை அழைத்து வந்தார். வேலை முடியும் வரை விஜயத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாறசாலையிலிருந்து வந்த அந்தத் தச்சர் கதவைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், மறுபடி கதவைப் பார்த்தார்.

"இது எங்ஙோட்டா சாமீ தொறக்கணது?"

"நம்ம பக்கமா."

"அப்புறத்து?"

"அந்தப் பக்கம் ஒண்ணுமில்லெ."

தச்சர் உளியை எடுத்தார். வேலையை முடித்தார், டீ வேண்டாம் என்றார், போய்விட்டார்.

கிடங்கின் சொந்தக்காரர் பிச்சைக்கனி ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்கிறவர். கலகலப்பான மனிதர். கதவு சங்கதியை நான் சொன்னதும் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி எங்கிட்ட சொன்னாவ. நெசமாவே செவத்த ஒடச்சு வச்சுக்கிடுங்க, எனக்கென்னன்னேன். வேண்டான்னுட்டாவ." கல்லாப்பெட்டியின் மேல் விரலால் தாளம் போட்டார். "அந்த எடத்துல நான் மூடை அடுக்கறதில்ல, தெரியுமா? நிக்க மாட்டேங்கு. எத்தன தடவ அடுக்குனாலும் மக்காநாளு சரிஞ்சு கெடக்கு. ஒரு ஆளு போக வர மாதிரி வழி விட்டு அடுக்கச் சொல்லிட்டேன். இப்பம் தொந்தரவு இல்ல."

"அந்தம்மா இந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டுவதால் சரியலாம் இல்லையா?"

"இருக்கும்," என்றார் பிச்சைக்கனி. பிறகு, "நீங்க ஒருவாட்டி உள்ள வந்து நின்னு பாருங்க," என்றார். நான் போகவில்லை. அன்று வேறு வேலை இருந்தது.

கதவு வந்ததும் விஜயம் அதைப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. போகிற போக்கில் அதன் மேல் கையை வைத்துத் தடவிவிட்டுப் போவார். இருக்கிறதா என்று பார்ப்பது போல. வெங்கடேஸ்வரனுக்கு அதுவே போதுமாக இருந்தது. கதவு கண்ணில் பட்டால் வெளியே போய்த் தேடமாட்டாள் என்பது அவர் கணக்கு.

ஜூன் முதல் வாரத்தில், ஒரு பிற்பகல், மழை வந்தது. நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். முதலில் ஆற்றுப்பக்கத் தென்னைகள் இரைந்தன. அடுத்த நிமிஷம் ஓடு முழுக்க ஒரே சத்தம். வெங்கடேஸ்வரன் கையில் சாக்கட்டியோடு அறை அறையாக ஓடி அண்ணாந்து பார்த்தார். ஓரிடத்திலும் சொட்டவில்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். சொல்ல வந்தது என்னவென்று தெரியாது. விஜயம் எழுந்து நின்றிருந்தார்.

நேரே சுவர்க் கதவுக்குப் போனார். மோதிரத்தால் மெல்லத் தட்டினார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு தள்ளினார்.

கதவு அசையவில்லை. அப்போதுதான் வெங்கடேஸ்வரனின் முகம் மாறியது. பழைய கதவு அந்தப் பக்கம் திறந்தது. விஜயம் ஆயுசு பூராவும் அதைத் தள்ளியே பழகியவர். இப்போது இழுக்க வேண்டும். தள்ளினால் பின்னால் செங்கல்.

"உள்ளெ தாப்பா போட்டுட்டா," என்றார் விஜயம். "சரி, நான் கொல்லை வழியாப் போறேன்."

வெங்கடேஸ்வரன் முந்திப் போய்க் கொல்லைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். அவருக்குப் பின்னால், கதவுக்கு அப்பால், ஆறு சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

"நகருங்கோ."

"விஜயம், மழையெப் பாரு."

"மழைன்னாலதான் போறேன். அவ ஒத்தெக்கு இருக்கா. பாத்திரமெல்லாம் நெறஞ்சிருக்கும். நகருங்கோங்கறேன்."

விஜயம் நாற்காலியை இழுத்து வந்தார். அதன் மேல் ஏறினால் தாழ்ப்பாள் எட்டும். தடுத்த கையை உதறினார். அந்த ஒல்லி உடம்பில் அத்தனை வலு. நான் உதவிக்கு எழுந்தேன். வெங்கடேஸ்வரன் வேண்டாம் என்று தலையசைத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"அந்தக் கதவு இப்பொ நம்ம பக்கமாக்கும் தொறக்கறது," என்றார். "நீ போகாண்டாம். அவளெ இங்கெ வரச் சொல்லு."

விஜயம் நாற்காலியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "வருவாளா?"

"கூப்பிட்டுப் பாரேன்."

விஜயம் திரும்பி நடந்தார். கொல்லைக் கதவிலிருந்து கூடத்துக்கு வரும் ஒடுக்கமான நடையின் முனையில்தான் சுவர்க் கதவு. அதன் முன்னால் நின்று, வாயருகே கையைக் குவித்துக்கொண்டார்.

"பாகீரதீ, இங்கெ வாடீ. எங்காத்துலெ ஒழுகலெ."

மழைச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கதவு திறந்தது. மெதுவாக, பாதி வரை வந்து, நின்று, மீதியும் வந்தது. சட்டம் கொஞ்சம் சாய்வாக இருந்திருக்கலாம். விஜயம் தள்ளியதில் கொக்கி நழுவியிருக்கலாம். பின்னால் பூசிய சுவர்தான் இருந்தது. ஈரம் ஏறி, அதிலிருந்து பச்சையாகக் கொத்தமல்லி வாசனை வந்தது.

"வா வா. காலெத் தொடெச்சுக்கோ, வழுக்கும்," என்றார் விஜயம். முகம் தெளிந்திருந்தது. காபி போடுவதைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே, ஒருவருக்கு இடம் விட்டு ஓரமாக, அடுக்களைக்குப் போக அந்த ஒடுக்கமான நடை வழியே வந்தார்.

வெங்கடேஸ்வரன் சுவரோரம் ஒதுங்கி அவரைப் போகவிட்டார். விஜயம் கடந்து போன பிறகும் அவர் அசையவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு, பார்வையைத் தரைக்குத் தாழ்த்தி, இன்னொருவர் போவதற்கு வழிவிட்டு நின்றார்.