மூன்று இழுப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், துபாயில் கேபிள் இழுத்துப் பழகியவன், இன்றைக்குக் குழித்துறை முதல் இரணியல் வரை எந்த ஆபீசில் நெட்வொர்க் போடுவதானாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

குழித்துறையில் ஒரு ரப்பர் வியாபாரியின் புது ஆபீஸ். பிளான் நான் போட்டது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில். கீழே சர்வரும் பெரிய சுவிட்சும், மாடியில் சின்ன சுவிட்ச், இரண்டையும் சேர்க்கச் சுவருக்குள் போகிற பைப் வழியாக ஒரே ஒரு கேபிள். அது போகாவிட்டால் மாடிக்கு உயிர் கிடையாது. மறுநாள் காலை திறப்பு விழா, கேபிளைக் கட்டி இழுக்கப் பைப்புக்குள் விட்ட ஸ்பிரிங் கம்பியோ பாதியில் முட்டி நின்றுவிட்டது.

முதலாளியின் மருமகன் என்ஜினியர். "அண்ணாச்சி, சொவர ஒடைக்காம நடக்காது. படிச்சவன் பிளான் போட்டா இப்படி வருமா?" என்றார்.

"மக்கா, நீ படிச்சது புஸ்தகம். நான் படிச்சது சொவரு."

வாய்தான் சொன்னது, வழி ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். அது ஊர் முழுக்கப் பரவினால் என் பேர் என்னாவது?

மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில், கட்டடத்தில் நான் மட்டும். பைப் போய்ச் சேர்கிற மாடி அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இருபது வருஷம் நான் கீழிருந்து தள்ளுகிற கம்பியை மேல்முனையில் நின்று வாங்கியவன் மண்டைக்காட்டுச் சூசை, அந்த வருஷத் தவக்காலத்தில்தான் நெஞ்சுவலியில் செத்துப்போயிருந்தான். எங்களுக்குள் கத்திக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. கம்பி வந்து சேர்ந்தால் இரண்டு தடவை இழுப்பான், கேபிளைக் கட்டு என்று அர்த்தம். மூன்று தடவை இழுத்தால், மேலே வா, சோறு உண்போம்.

கம்பியை மறுபடி தள்ளினேன். முட்டிய இடத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. கையில் இரண்டு இழுப்பு. பழக்கதோஷம், கேபிளைக் கட்டிவிட்டேன், அதுவும் முழம் முழமாக மேலே போய் நின்றது. பிறகுதான் சாவியின் நினைப்பே வந்தது.

அப்போது கேபிள் மூன்று தடவை இழுபட்டது.

நான் போகவில்லை. வாசலில் வெயிலில் போய் நின்றேன். மருமகன் வந்தபின் இருவருமாகத்தான் பூட்டைத் திறந்தோம். கேபிள் அழகாக வளையம் சுற்றி, வாழைநாரால் கட்டிக் கிடந்தது. இலைப் பொதிச்சோற்றின் கட்டைப் பிரித்ததும் அந்த நாராலேயே கேபிளைக் கட்டுவது சூசையின் வழக்கம், அதற்காக எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

"ஒத்தைக்கு எப்படி இழுத்தீரு அண்ணாச்சி?"

அனுபவம் என்று சொல்லிவைத்தேன்.

அந்த லைன் இன்றுவரை ஒரு நாள்கூட நின்றதில்லை. இப்போதெல்லாம் கீழே ஆளை நிறுத்திவிட்டு மேல்முனைக்கு நானே போய்விடுகிறேன். அன்றைக்கு அவிழ்க்கும்போது அந்த நார் ஈரமாக இருந்தது. சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்தானோ.