கம்ஷாத் ஒதுக்கிவைத்த நாற்பது படங்கள்

கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்தில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் குரோமோசோம் எண்ணியவள் கம்ஷாத். நுண்ணோக்கி வழியே செல்லைப் படம் பிடித்து, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரியால் வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவாள். நாற்பத்தாறு இருந்தால் ஒழுங்கான செல். சிதறிக் கிடக்கும் படங்களை "ஸ்லைடு கெட்டுப்போச்சு" என்று ஒதுக்குவது அங்கே எல்லாருக்கும் பழக்கம்.

தொண்ணூற்று நாலில் அவள் தங்கை ரௌசாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டி கம்ஷாத்தின் மேசைக்கே வந்தது.

"எண்ணிக்கை தாறுமாறா இருந்தா உடனே கடுமையான மருந்து ஆரம்பிக்கணும். இல்லைன்னா வீட்டுக்குப் போகட்டும்" என்றார் டாக்டர் யெர்மெக். "ஆனா நீங்க பார்க்க வேணாம்க்கா. வேற ஆள் பார்க்கட்டும்."

"என் தங்கச்சியோடதை நான் பார்க்காம வேற எவ பார்ப்பா?"

பிடிவாதக்காரி. அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுத்திருக்கலாம்.

வீட்டில் பால் டீ ஊற்றிக்கொண்டே ரௌசா சீண்டினாள். "அப்பா மந்தையை எண்ணும்போது நொண்டி ஆட்டைத்தான் முதல்ல எண்ணுவாரு. நீ எப்படிக்கா?"

"வாயை மூடிட்டு டீயைக் குடி, கழுதை."

கம்ஷாத் அறுபது செல்களைப் பார்த்தாள். இருபதில் நாற்பத்தாறு. மீதி நாற்பதும் சிதறிக் கிடந்த கந்தல். ஆனால் பயந்த மனசுக்குச் சாக்கா கிடைக்காது? ஸ்லைடு கெட்டுப்போச்சு. இருபது நல்ல படம் கிடைத்தால் போதும் என்பதுதானே விதி? எண்ணிக்கை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கந்தல் படங்களைக் குப்பையில் போட மனம் வராமல் தேயிலை டப்பாவில் போட்டு மூடினாள்.

ஒன்றரை வருஷம் கழித்து ரௌசாவுக்கு இடுப்பு வலி வந்தது. போய்க் காட்டு என்றவர்களிடம், "அக்காவே எண்ணிப் பார்த்துட்டா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று எட்டு மாதம் ஓட்டினாள். போய்ப் பார்த்தபோது எலும்பிலும் ஈரலிலும் பரவியிருந்தது. மருந்துக்கு ஒரு மாதம் அடங்கிவிட்டு மறுபடி கிளம்பியது.

அப்போதுதான் கம்ஷாத் டப்பாவைத் திறந்து எண்ணினாள். ஐம்பத்தெட்டு, எழுபத்தொன்று, நாற்பத்து மூன்று, அறுபத்து நாலு. ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் இந்த நோயிடம் செல்லாது. இந்த செல்கள் இரண்டாகப் பிரியும்போது பங்கை ஒழுங்காகப் பிரிப்பதில்லை. ஒன்றுக்குக் கூடும், ஒன்றுக்குக் குறையும். நிறைய செத்துப்போகும். பிழைத்தவற்றில் ஒன்று மருந்தைத் தாங்கும், இன்னொன்று ரத்தத்தோடு போய் எலும்பில் குடியேறும். ஸ்லைடு கெடவே இல்லை. அந்தக் கந்தல்தான் நோய். அவள் நம்பிய இருபதும் கட்டிக்குள் கலந்திருந்த நல்ல செல்கள்.

உடனே மருந்து கொடுத்திருந்தால் குணமாகியிருப்பாளா? யாருக்குத் தெரியும். ஆனால் அந்த எட்டு மாதத்துக்குக் கம்ஷாத்தான் காரணம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் ரௌசா படுத்திருந்த வார்டுக்குப் போனாள். வாசலில் அவளைக் கண்டதும் ரௌசா பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பினாள்.

"இதான் என் அக்கா. உங்களோடதையும் இவகிட்டயே குடுங்க. ஒண்ணைக்கூட விடமாட்டா."

கம்ஷாத் தலையணையைச் சரிசெய்தாள். டீ வேணுமா என்று கேட்டாள்.