பம்பின் கைப்பிடி

பிள்ளைகளே, வேடிக்கையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் அப்பாவுக்கு ஏன் ஆகாது என்று கேட்கிறீர்கள். எழுதிவிடுகிறேன்.

உங்களில் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது மந்தைவெளியில் குடியிருந்தோம். ஒரே வீட்டில் ஐந்து குடித்தனம், முற்றத்தில் ஒரே கைப்பம்பு. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வீட்டுக்காரர் காலை ஆறு மணிக்கே தன் தொட்டியை நிரப்பிக்கொண்டு, பம்பின் கைப்பிடியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டுவிடுவார். யாராவது கேட்டால், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வார்:

“கைப்பிடி தூங்கினு கீதுப்பா. எழுப்பினா அழும்.”

எல்லோரும் சிரிப்போம். சிரிக்காதவனுக்கு அடுத்த மாதம் வீடு இருக்காது. நான் தெருமுனைக் குழாயில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். அது பத்தாது. மீதியை உங்கள் அம்மாதான் சுமந்தாள், ஏழு மாதக் கர்ப்பத்தோடு.

ஒரு ஞாயிறு காலை கிரசின் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவள் குடத்தோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து நிமிராமலே சொன்னார்:

“இன்னா நைனா, உன் சம்சாரம் இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு, ரெண்டு குடம் தூக்குது. நீ ஒரு டின்னுக்கே வேர்த்துக்கினு வர்றியே!”

நாலு குடித்தனமும் சிரித்தது. என் வாயும் இளித்துவிட்டது. அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

டின்னைக் கீழே வைத்தேன். “கைப்பிடியைக் குடுங்க சார்.”

“தூங்குதுப்பா.”

“நானே எழுப்பிக்கிறேன்.”

நேரே அவர் அறைக்குள் போய், கட்டிலுக்கடியில் குனிந்து எடுத்துவந்து மாட்டினேன். அடித்தேன். முதலில் வெறும் காற்று, பிறகு கலங்கல், பிறகு தண்ணீர். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் குடம் நிரம்புவதற்குள் என் பின்னால் நாலு வீட்டுக் குடமும் வரிசையில் வந்துவிட்டது.

“ஒண்ணாந்தேதி காலி பண்ணிடு” என்றார் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நேரான பேச்சு அதுதான்.

“சரி சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் குடத்துக்கும் அடித்தேன்.

தண்ணீரை உள்ளே கொண்டுபோய் வைத்தபோது உங்கள் அம்மா சொன்னாள்: “இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே செஞ்சிருந்தீங்கன்னா என் இடுப்பாவது மிஞ்சியிருக்கும்.”