சித்தி கழுவிய கல்துகள்

என் சித்தி நிலவியல் படித்தவர். அந்தத் துறையில் கனிமங்களை ஆராய்பவர்கள், புதைபடிவங்களைத் தேடுபவர்கள், நிலநடுக்கத்தைக் கவனிப்பவர்கள் என்று பலர் உண்டு. சித்தியின் வேலை நிலத்தடி நீர்.

இரண்டு வாரமாகத் தண்ணீரில்லாத எங்கள் தெருவில் போட்ட ஆழ்துளைக் கிணறு, முந்நூறு அடியிலும் புழுதியையே கக்கியது.

"போதும்மா, வண்டியைக் கிளப்புறேன்," என்றார் போர் வண்டிக்காரர்.

சித்தி, வெளியே வந்த கல்துகளை டீ வடிகட்டியில் போட்டுக் கழுவினார்.

"கல்லுல டீ போடப் போறீங்களா?"

"துகள்ல துருக்கறை இருக்கு பாருங்கண்ணே. வெடிப்புல தண்ணி ஓடுற பாறையிலதான் பெரும்பாலும் இப்படி இருக்கும். இன்னும் இருபது அடி போங்க."

பதினைந்தாவது அடியில் தண்ணீர் பீறிட்டு வண்டிக்காரரைத் தலைமுதல் கால்வரை நனைத்தது. தெருவே குடங்களோடு ஓடிவந்தது.

"அடுத்த தெருவுக்கும் கூட வாங்கம்மா," என்று அவர் முகத்தைத் துடைத்தபடி சிரித்தார்.