சகலனுக்கு வந்த ஜக்கெற்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்துவிட்டேன். மூன்று முறை கொப்பியைத் திறந்து, மேலே சிலுவை போட்டு, அதோடு மூடி வைத்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இல்லை.

நானும் என் சகலனும், அதாவது மனைவியின் தங்கை கணவரும், பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான பொண்டியில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். வேலையும் ஒரே இடம், நகருக்குள் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி. கால்வாய்க்கரைப் பாதையால் சைக்கிளில் முக்கால் மணி நேரம். நான் முதலில் வெளிக்கிடுவேன். அவர் எப்போதும் கால் மணி பிந்துவார்.

மார்கழிக் குளிருக்கு என் உடுப்பு இதுதான்: இரண்டு பெனியன், சுவெட்டர், மழைக்கோட்டு, காற்சட்டைக்குள் மனைவியின் கம்பளிக் காலுறை, சப்பாத்துக்குள் பாண் வாங்கிய பை. கம்பளிக் கையுறைக்கு மேலே பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை. சகலன் கண்டால் விடமாட்டார்.

“என்ன அண்ணை, ரோட்டிலயே கோப்பை கழுவத் துவங்கியாச்சோ?”

நானும் சிரிப்பேன். ஆறு வருடத்துக்கு முன், கனடாவில் இருக்கும் மாமி, எங்கள் மனைவிமாரின் தாய், பார்சல் அனுப்பும்வரை எனக்கு அவர்மேல் ஒன்றும் இல்லை.

பெட்டியை என் வீட்டில்தான் பிரித்தோம். சகலனுக்குப் பெரிய ஜக்கெற் ஒன்று, தலைமூடியின் ஓரத்தில் மயிர் வைத்தது. உள்ளே ஆட்டுத்தோல் வைத்த கையுறையும் இருந்தது. எனக்கு ஒரு செபமாலை. மாமி வீடியோவில் சொன்னா: “மூத்த மருமோன் சாமியார் மாதிரி. அவருக்கு உடுப்பு கிடுப்பு பெரிசில்லை. அது ஆசீர்வதிச்ச மாலை, தம்பி.”

“ஓம் மாமி, சந்தோசம்” என்றேன். மாலைக்கு முத்தமும் கொடுத்தேன். என் வீட்டில் ஏற்கனவே பதினொரு செபமாலை இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. ஞாயிறு பூசையில் அவர் முன் வாங்கில் அந்த ஜக்கெற்றோடு நிற்பார். சுவாமி அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரம் எல்லாரும் தலை குனிய, நான் அந்த மயிரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குசினியில் என் விரல்கள் விறைத்து வெங்காயம் பிடிக்க மாட்டாமல் இருக்கும். அவர் வியர்த்துக்கொண்டு வருவார். “எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்கும் குளிரட்டும் ஆண்டவரே” என்று செபித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் செபித்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் பொபினிப் பாலத்தடியில் சைக்கிள் சறுக்கி விழுந்தேன். பாதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். முழங்கால் உரசியது, அவ்வளவுதான். எழும்பியதும் சகலனின் நினைவு வந்தது. இன்னும் கால் மணியில் இதே இடத்துக்கு வருவார். போனை எடுத்தேன். விரல் விறைத்திருக்கிறது, அழுத்த முடியாது என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் முடியும். அவர் பெயரைத் திரையில் கொண்டுவந்துவிட்டேன். பிறகு ‘நல்ல தடிப்பான ஜக்கெற்தானே’ என்று நினைத்துப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அவரும் அதே இடத்தில் விழுந்து, மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் கேட்டார்: “அண்ணை, நீங்களும் அதாலதானே போனனீங்கள்? எப்பிடி விழாமல் தப்பினீங்கள்?”

என் மனைவியும் அவர் மனைவியான மச்சாளும் பக்கத்தில் நின்றார்கள். “மாதா காப்பாத்தினவ” என்றேன். மாமியின் செபமாலை பொக்கற்றில் இருந்தது என்றும் சொன்னேன். இருந்ததுதான், பொய்யில்லை. ஆனால் நான் விழுந்ததைச் சொல்லவில்லை.

அன்றிரவே கதை கனடாவுக்குப் போனது. அடுத்த மாதம் செபக்கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். சொன்னேன். பிறர் சொல்லச் சொல்ல அதில் ஒரு வெளிச்சமும் ஒரு பெண்குரலும் சேர்ந்துகொண்டன. நான் மறுக்கவில்லை. இதற்கிடையில் மாமி சகலனுக்கு இன்னொரு ஜக்கெற் அனுப்பினா, முதலாவதைவிட நல்லது. அப்போதும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

போன குளிருக்கு, ஐஸ் எச்சரிக்கை விட்ட ஒரு காலையில், சகலனின் மகள் சைக்கிளில் லிசேக்கு, அதாவது உயர்பள்ளிக்கு, வெளிக்கிட்டாள். தாய் மறித்தா. பிள்ளை ஹாண்டிலில் கட்டியிருந்த செபமாலையைக் காட்டிச் சொன்னாள்: “பெரியப்பா விழேல்லைத்தானே?”

என்னால் பொறுக்க முடியவில்லை. அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, சகலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“போனில சார்ஜ் இருந்ததோ அண்ணை?”

“இருந்தது.”

“மாமிக்கும் நீங்களே சொல்லுங்கோ” என்று எழும்பிப் போனார். இப்போது குசினியில் வேலைக்கு வேண்டியதை மட்டும் கதைக்கிறார்.

மாமிக்குச் சொன்னேன். பொறாமையில்தான் சொல்லாமல் விட்டேன் என்றும் சொன்னேன். அவ அழுதா. “பாருங்கோ, எவ்வளவு தாழ்மை! சகலன் விழுந்த பழியைத் தன்ர தலையில போடுறார்” என்று சுற்றி இருந்தவர்களுக்குச் சொன்னா. அந்தக் கதையும் இப்போது இங்கே எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆகையால்தான் எழுதினேன். என் சாட்சியை நம்பிய எவரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். வெளிச்சம், குரல் எதையும் சேர்க்க வேண்டாம். போன் வேலை செய்தது என்ற இடத்தை விட்டுவிடவும் வேண்டாம். எழுதியபடியே கொடுங்கள்.