பேக்கரி வாசலில் தொங்கிய நெருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னை அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். நீங்கள் நினைக்கிற டீக்கடை இல்லை. ஏசி போட்ட கடை. அந்தக் காலத்து டீக்கடை மாதிரி ஜோடித்து வைத்திருக்கிறார்கள். பித்தளை பாய்லர் ஒன்று நிற்கிறது. தட்டிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் இல்லை. கண்ணாடி ஜாடியில் பொறை ரொட்டி இருக்கிறது. அதுவும் பொம்மைப் பொறையாக இருக்கும் என்பது என் சந்தேகம். தூணில் ஒரு கயிறு தொங்கியது. அதன் நுனி சிவப்பாகக் கனன்று கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து போய்த் தொட்டேன்.

"அப்பா, தொடாதீங்க, சுட்டுப்போடும்" என்றான் மகன்.

எங்கே சுட்டது? சிவப்புப் பெயிண்ட். கயிறு நைலான். விரலை மோந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. நெருப்பிலேயே பொய் சொல்கிற காலமாகிவிட்டது, பாருங்கள்.

கயிறு பற்றி எனக்குச் சொல்லித்தர இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ஐந்தாவதைத் தாண்டாதவன்தான் நான். ஆனால் பொள்ளாச்சி ரோட்டில், ஒரு நூல் மில் கேட்டுக்கு எதிரே, ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு பேக்கரி தொடங்கி, இன்றைக்கு மூன்று கடைக்கு முதலாளியாக இருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் டீக்கடைக்குப் பேக்கரி என்றுதான் பெயர். டீயும் தேங்காய் பன்னும் ஒன்றாக இருந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு விடியும். என் தேங்காய் பன்னைத் தின்றுவிட்டு இன்னொரு கடையின் பன்னைப் புகழ்ந்தவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒருவன் புகழ்ந்தால், எதிர்க்கடை ஆறுச்சாமி அவனுக்கு ஓசியில் டீ வாங்கிக் கொடுத்திருப்பான் என்று அர்த்தம்.

என் முதல் கடை வாசல் தூணில்தான் கயிறு தொங்கும். தேங்காய் நார்க் கயிறு. நுனியில் எப்போதும் நெருப்பு கனன்று கொண்டிருக்கும். மில் ஆட்கள் ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் டீயைச் சொல்வார்கள், அடுத்த கை கயிற்றுக்குப் போகும். நுனியைத் தூக்கி, சாம்பலை ஊதிவிட்டு, பீடியில் வைத்து ஒரு இழுப்பு. தீப்பெட்டி யாரிடமும் இருக்காது. இருந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

அந்தக் கயிற்றைப் பொள்ளாச்சிச் சந்தையில் நானே போய்த்தான் பொறுக்குவேன். முறுக்கு இறுகலாக இருந்தால் அணைந்து போகும். தளர்வாக இருந்தால் நெருப்பு மளமளவென்று மேலே ஏறி, மத்தியானத்துக்குள் கூரையைத் தொடும். நடு முறுக்கு வேண்டும். அதை விரலால் தடவியே சொல்லிவிடுவேன். விற்கிறவன் "எல்லாம் ஒரே கவுறுதானுங்களே" என்பான். அப்படிச் சொல்கிறவனிடம் வாங்கக் கூடாது.

விடிகாலையில் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, அந்தச் சுடரிலேயே கயிற்றின் நுனியைப் பற்றவைப்பேன். கடை சாத்துகிற வரைக்கும் அது அணையக் கூடாது. கயிறு அணைந்தால் வியாபாரம் அணையும் என்பது எங்கள் ரோட்டில் எல்லாப் பேக்கரிக்காரனுக்கும் இருந்த நம்பிக்கை. மழைக் காலத்தில் ஆறுச்சாமி அவன் கடைக் கயிற்றுக்குக் குடை பிடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடையில் பீடியும் விற்றோம், ஆனால் நான் ஒரு பீடிகூடக் குடித்தவன் இல்லை. விற்கிற சரக்கைத் தொடுகிறவன் உருப்பட மாட்டான். அடுப்பு பின்கட்டில். நான் அங்கே இருப்பேன். முன்னால் கல்லாவில் என் மனைவி ருக்மணி. கயிறு தொங்கிய தூணுக்கும் அவள் நாற்காலிக்கும் ஒரு கை தூரம். பற்றவைத்தவர்கள் அப்படியே உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். காலை ஷிப்ட் விட்ட நேரத்தில் அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தால் ருக்மணி தெரிய மாட்டாள். புகை தெரியும், வளையல் சத்தம் கேட்கும், இருமல் கேட்கும். இருமலை வைத்தே அவள் எழுந்தாளா, உட்கார்ந்தாளா, சில்லறை தேடுகிறாளா என்று சொல்லிவிடுவேன்.

அந்த இருமலுக்கு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. துளசி, மிளகு, ஆடாதோடை. காரணம் மில் பஞ்சு என்று கொஞ்ச நாள் நினைத்தேன். அப்புறம் மைதா மேல் சந்தேகம் வந்து மூட்டைக்காரனை மாற்றினேன். கடைசியில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்ற நிலைக்கு வந்த பிறகு டவுனில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க பீடி, சிகரெட்டு எதாச்சும் குடிப்பீங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைப் புரட்டியிருப்பேன். "ஏனுங் டாக்டர், என்ர சம்சாரத்தைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்றேன். அவர், குடிக்காதவருக்கு நெஞ்சு இப்படி இருக்காது, இப்படியே போனால் வீட்டுக்குள் நடக்கவே மூச்சு பத்தாது என்றார். ருக்மணி சிரித்தாள். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் மருந்து விற்பதற்காகப் பயமுறுத்துகிறார் என்று நான் சமாதானம் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் சட்டம் வந்தது. பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று தேசத்துக்கே ஒரு சட்டம். டிவியில் சொன்னார்கள். டில்லியில் போடுகிற சட்டம் பொள்ளாச்சி ரோட்டுக்கு வந்து சேராது என்று நாங்கள் சிரித்தோம். ஒரு நாள் வந்துவிட்டது, ஒரு ஸ்கூட்டரில்.

ஒல்லியான ஆள். சுகாதாரத் துறை. டீ குடித்தார். குடித்துவிட்டுக் காசு கொடுத்தார். அங்கேதான் எனக்கு முதல் பயம். டீக்குக் காசு கொடுக்கிற அதிகாரியை என் வாழ்நாளில் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓசியில் டீகூட வாங்காதவன் ஏதோ பெரிதாகத் திட்டம் வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

"இந்தக் கயித்தை எடுத்துப்போடுங்க" என்றார்.

"எதுக்குங்க? கயிறா பீடி குடிக்குது?"

"கடைக்காரர் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம், இதர பொருள் எதுவும் வைக்கக் கூடாதுங்க. சட்டம்."

"கயிறுன்னு எழுதியிருக்குதுங்களா அதுல?"

"இதர பொருள்ல கயிறும் வரும்ங்க."

'இதர' என்று எவன் எழுதினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். படிக்காதவனைக் கவிழ்க்கிற குழி அதற்குள்தான் இருக்கும். அதுவும் போக எனக்கு ஒரு நியாயம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பீடி சுற்றுகிறவனை விடுவார்கள். சிகரெட் கம்பெனியை விடுவார்கள். அதில் வரியும் வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் ஒரு முழம் கயிறு கட்டினவனைப் பிடிப்பார்கள். நான் இதைச் சொன்னேன். அவர் "நீங்க கேக்கறது நியாயந்தானுங்க" என்றுவிட்டு, பையிலிருந்து ஒரு போர்டை எடுத்து நீட்டினார். ஒத்துக்கொள்கிறவன் இன்னும் ஆபத்து.

போர்டில், இது புகை பிடிக்கக் கூடாத இடம், பிடிப்பது குற்றம் என்று போட்டிருந்தது. கீழே, யாராவது புகைத்தால் யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்று ஒரு கோடு. அதில் பெயரை எழுதி மாட்ட வேண்டும், ஒரு வாரத்தில் திரும்பி வருவேன், கயிறு இருந்தால் அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கோட்டை ரெண்டு நாள் வெறித்துப் பார்த்தேன். என் பெயரை எழுதினால் என்ன ஆகும்? நாளைக்கு எவனாவது கடைக்குள் பீடி குடிப்பான். ஆறுச்சாமி ஆள் விட்டுக் குடிக்கவே வைப்பான். போர்டில் யார் பெயர்? என் பெயர். கோர்ட்டுக்கு யாரை இழுப்பார்கள்? பொறி என்றால் இதுதான் பொறி. நானா மாட்டுவேன்? பொம்பளை பெயர் என்றால் எந்த அதிகாரியும் கேஸ் போட யோசிப்பான் என்று கணக்குப் போட்டு, கோட்டின் மேல் 'ருக்மணி' என்று எழுதி, தூணில் கயிற்றுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். கயிறும் தொங்கட்டும், போர்டும் தொங்கட்டும். இந்த மூளை எத்தனை படித்தவனுக்கு வரும் சொல்லுங்கள்.

ருக்மணி எட்டாவது வரை படித்தவள். எழுந்து வந்து போர்டை மேலிருந்து கீழே வாசித்தாள்.

"என்ர பேரு எதுக்குங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கண்ணு. இருக்கட்டும்."

"புகார் என்கிட்டச் சொல்லோணும்னு போட்டிருக்குதுங்களே."

"எவன் வந்து சொல்லப் போறான்?"

அவள் திரும்பவும் ஒரு தடவை வாசித்தாள். முந்தானையால் போர்டின் மூலையைத் துடைத்தாள்.

மறுநாள் காலை ஷிப்ட் விட்டது. பழனிச்சாமி மேஸ்திரி வந்தார். மில்லில் அவருக்கு ஒரு மரியாதை. எங்கள் கடையில் அவருக்கென்று ஒரு மூலை. கயிற்றைத் தூக்கினார், ஊதினார், பற்றவைத்தார். உள்ளே கால் வைத்தவரை ருக்மணி நிறுத்தினாள்.

"அண்ணா, வெளிய நின்னு குடிச்சுப்போட்டு வாங்க."

மேஸ்திரி என்னைத் தேடி அடுப்புப் பக்கம் சத்தம் போட்டார். "ஏனுங் மொதலாளி, கடை உங்குளுதா, அம்மணியுதா? இன்னிக்குத் தெரிஞ்சாகோணும்!"

"அவரை எதுக்குங் கேக்கறீங்க?" என்றாள் ருக்மணி. "போர்டுல ஆரு பேரு இருக்குதுன்னு பாருங்க. புகார் என்கிட்டத்தான் சொல்லோணும். எனக்கே நான் புகார் சொல்லிப்போட்டனுங்க."

நான் மாவுக் கையோடு ஓடி வருவதற்குள் அவள் கயிற்றை ஆணியிலிருந்து உருவி, டம்ளர் கழுவுகிற பக்கெட்டில் முக்கிவிட்டாள். 'சுர்ர்' என்று ஒரு சத்தம். ஈர நார் கருகுகிற வாசம் கடை முழுக்க அடித்தது. கற்பூரத்தில் பற்றவைத்த நெருப்பு. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு அதட்டல் போட்டால் முடிந்தது. ஆனால் போட்டால், போர்டில் அவள் பெயரை அழித்து என் பெயரை எழுத வேண்டும். அந்தப் பொறியில் தலை கொடுக்க நான் தயாராக இல்லை. "சட்டமாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினேன்.

மேஸ்திரி ரோட்டைத் தாண்டி ஆறுச்சாமி கடைக்குப் போனார். பின்னாலேயே முக்கால்வாசிப் பேர் போனார்கள். அன்றைக்குச் சுட்ட பன்னில் பாதி மிஞ்சியது. அங்கிருந்து ஆறுச்சாமி தன் கயிற்றை ஊதி ஊதி எனக்குக் காட்டினான். ஸ்கூட்டர்காரரை என் மேல் ஏவியதே அவன்தான் என்று முடிவு கட்டினேன். அடுத்த வாரம் அந்த ஸ்கூட்டர் அவன் வாசலில் நின்றது. ஏவியது நான்தான் என்று அவன் இன்னமும் சொல்லித் திரிகிறான். அவன் கயிறும் இறங்கியது. அப்புறம் ரோட்டில் எல்லாக் கயிறும் இறங்கின. போன ஆட்கள் பன்னுக்காகத் திரும்பி வந்தார்கள். வராமல் எங்கே போவார்கள்? மேஸ்திரியும் வந்தார், ஆனால் வெளியே நின்று குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "ருக்மணி கோர்ட்டுல நமக்கு ஜாமீன் கெடைக்காதப்பா" என்று வம்பிழுப்பார். அவர் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. என்ன வியாதி என்று அவர் மகன் சொன்னான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

மில் மூடிவிட்டது. கேட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். ஷிப்ட் சங்கு இல்லை, பெஞ்சில் அரசியல் இல்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கயிறு என்றால் அவிநாசி ரோட்டுக் கடையில் செல்ஃபி எடுக்கத்தான். என் கடைத் தூணில் ஆணி மட்டும் இருக்கிறது, பக்கத்தில் எழுத்து மங்கின போர்டு.

ருக்மணியின் இருமல் அந்த வருஷமே குறைய ஆரம்பித்து, அப்புறம் நின்றுவிட்டது. கயிறு போனதால் என்று மகன் சொல்கிறான். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆடாதோடை என்று நான் சொல்கிறேன். ஆடாதோடையை அதற்கு முன்னும் கொடுத்தீர்களே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் இன்னமும் கல்லாவில்தான் உட்காருகிறாள். நானும் பொழுதுபோகாமல் பின்கட்டுக்குப் போய் மாவைத் தொட்டுப் பார்க்கிறேன். முன்பு அங்கிருந்தே அவள் என்ன செய்கிறாள் என்று தெரியும். இப்போது அந்த இருமல் சத்தம் வருவதில்லை. அதனால் அடிக்கடி எழுந்து வந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்றும் பார்த்தேன்.

"ஏனுங்க, காத்தால இருந்து எட்டி எட்டிப் பாக்கறீங்க? கல்லாவுல கை வெச்சுப்போடுவன்னு சந்தேகமா?" என்றாள்.

"ஆமா. உன்னைய நம்ப முடியுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.